நோர்டிக் நாடுகளின் சதுரங்கச் சொல்லும் ஓர் அகராதித் தளமும்

சுவீடன் அகாதெமி இலவசமாக வழங்கும் ‘ஸ்வென்ஸ்கா’ என்னும் இணைய அகராதித் தளம், சொல் வரலாற்றில் நாட்டமுள்ள எவருக்கும் பெரும் பேறு. சதுரங்கத்தைக் குறிக்கும் ‘ஷக்’ என்ற சுவீடிஷ் சொல்லை ஒருமுறை தேடினாலே, எழுத்துமுறைக்கான சொற்பட்டியல், இக்காலப் பொருளகராதி, 1883இல் பணி தொடங்கி 2023இல் 39 தொகுதிகளாக நிறைவுற்ற வரலாற்றுப் பேரகராதி ஆகிய மூன்றும் சேர்ந்து விடை தருகின்றன. முதலாவது, பெரும்பாலும் எழுத்தையும் சொல்லின் திரிபு வடிவங்களையும் சரிபார்ப்பதற்கே பயன்படும். இரண்டாவதில் உள்ள சுருக்கமான வரலாற்றுக் குறிப்பே புதியவர் தொடங்க ஏற்ற இடம்.

அந்தச் சொல்லின் வழி வியப்பளிக்கிறது. நம் ‘சதுரங்கம்’ பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, ஸ்பெயின் வரை சென்றது; வடக்கே சென்றதோ விளையாட்டின் பெயரன்று, அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல். அது அரபி, லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் எனக் கைமாறி, சுவீடனில் ‘ஷக்’, டென்மார்க்கில் ‘ஸ்காக்’, நார்வேயில் ‘ஷக்’, ஐஸ்லாந்தில் ‘ஸ்கௌக்’ என நிலைத்தது. நம் ஆட்டக்காரர்கள் சொல்லும் ‘செக்’ என்பதும் அதே ‘ஷா’விலிருந்து, ஆங்கிலத்தின் வழியாக வந்ததுதான். இந்த நான்கு வடமொழிகளிலும் ஆட்டத்துக்கும் ‘செக்’ என்னும் எச்சரிக்கைக்கும் இன்றும் ஒரே சொல் வழங்குவதால், அரசனை விளித்த குரலே ஆட்டத்தின் பெயராயிற்று என்பது அங்கு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

ஆனால் இந்தத் தளம் சுவீடிஷோடு நின்றுவிடுகிறது என்பது உண்மையான குறை. ஐஸ்லாந்தியச் சொற்களுக்கு, ஆர்னி மக்னூசன் ஆய்வு நிறுவனத்தின் ‘மௌலித்’ தளத்தையே நாட வேண்டும்; 1989இல் வெளிவந்த சொற்பிறப்பு அகராதியையும் அங்கே இலவசமாகப் படிக்கலாம். வட அட்லாண்டிக்கிலுள்ள பரோயே தீவினர் மட்டும் இந்த வரிசையில் சேராமல், சதுரங்கத்தை ‘தல்வ்’ என்கிறார்கள். சதுரங்கம் வருவதற்கு முன்பே வடநாட்டவர் ஆடிய பலகை ஆட்டங்களின் பெயரான ‘தஃப்ல்’ என்பதன் வடிவம் அது. அதற்கு மூலம், பலகையைக் குறிக்கும் லத்தீன் ‘தபுலா’. ஐஸ்லாந்தியரும் சதுரங்கம் ஆடுவதற்கான வினைச்சொல்லாக ‘தெஃப்லா’ என்பதையே வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்டத்தின் சொல் புதிய ஆட்டத்தைத் தாங்கி நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்த அழகைச் சுவீடிஷ் தளத்தில் மட்டும் தேடுபவர் தவறவிடுவார்.

பேரகராதியின் பதிவுகள் குறுக்கங்கள் நிறைந்தவை, விளக்கங்கள் முழுவதும் சுவீடிஷில்தான். ஆகவே குறுக்கப் பட்டியலை அருகில் திறந்து வைத்துக்கொண்டு, பொறுமையாகப் படிக்க விரும்புவோருக்கு இதை முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன்.