‘டீச்சர், இவன் கெட்ட வார்த்தை பேசிட்டான்!’: அடியா, அப்பாவா, ஸ்டாரா?

இரண்டாம் வகுப்பு, கணக்குப் பாடம். பென்சில் முனை உடைந்த கடுப்பில் ஒரு பையன் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தது. வகுப்பே ‘ஓ…’ என்றது. பக்கத்தில் இருந்த சிறுமி எழுந்தாள்.

“டீச்சர், இவன் கெட்ட வார்த்தை பேசிட்டான்.”

“என்ன பேசினான்?”

“சொல்லக் கூடாது டீச்சர். ‘ஓ’ல ஆரம்பிக்கும்.”

தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. அடுத்து ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். நானே செய்து பார்த்தவையும் பக்கத்து வகுப்புகளில் பார்த்தவையுமாகச் சில வழிகளை இங்கே எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் இரண்டு வகையைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். ஒன்று, சாதியைச் சொல்லித் திட்டுவது. நாங்குநேரியில் 2023-இல் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை அது பேசியது. கயிறு கட்டும் வயதுக்கு முன்பே வார்த்தை வந்துவிடுகிறது என்பதை மூன்றாம் வகுப்பு நடத்துகிறவர்கள் அறிவார்கள். அதைக் குழந்தை விளையாட்டென்று சிரித்துவிட்டுப் போக முடியாது. திட்டு வாங்கிய பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இன்னொன்று, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சும் தொடுகையும். பெரும்பாலும் செல்போனில் பார்த்ததாக இருக்கலாம். சில நேரம் அந்தப் பிள்ளைக்கே யாரோ தீங்கு செய்துகொண்டிருக்கலாம். மிரட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், நமக்கு ஒன்றும் தெரியாமல் போகும். மெதுவாகக் கேட்டு, பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே குறித்துவைத்துத் தலைமை ஆசிரியரிடம் போக வேண்டும். சந்தேகம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் உதவி கேட்கலாம், ஆனால் காவல் நிலையத்துக்குச் சொல்லியாக வேண்டும். போக்சோ சட்டம் அதைக் கடமையாகவே வைத்திருக்கிறது.

மீதி இருப்பது அன்றாடக் கெட்ட வார்த்தை. அதற்குத்தான் இந்த ஒப்பீடு.

அடி, முட்டி போடுதல், போர்டில் பெயர்

நாங்கள் படித்த காலத்து மருந்து. வாயில் மிளகாய் வைப்பேன் என்று மிரட்டிய ஆசிரியர்களிடம் படித்தவள் நான். பலன் உடனே தெரியும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நின்றது ஆசிரியர் காதுக்கு எட்டும் தூரத்தில் மட்டும். கழிப்பறைப் பக்கமும் சத்துணவு வரிசையிலும் அதே வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. ‘டி.சி. கொடுத்துடுவேன்’ என்ற மிரட்டலுக்கும் பொருளில்லை. 16-ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. வகுப்புத் தலைவன் போர்டில் பெயர் எழுதுவது மென்மையான வழி என்று நினைத்திருந்தேன், ஒரு தேன்மிட்டாய்க்கு ஒரு பெயர் அழிகிறது என்று தெரியவரும்வரை.

கண்டுகொள்ளாமல் விடுவது

இதற்கு ஆராய்ச்சி பலம் உண்டு. 1968-இல் மேட்ஸன், பெக்கர், தாமஸ் என்ற மூவர் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் பார்த்தார்கள்: விதிகளைச் சொல்வதால் மட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குறும்பைக் கண்டுகொள்ளாமல் விட்டு, ஒழுங்காக இருக்கும்போது பாராட்டியதும் மாற்றம் வந்தது. நம்மில் பலர் இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதோடு, ஆசிரியர் கண்டுகொள்ளாவிட்டாலும் முப்பது பிள்ளைகள் ‘ஓ…’ போடுகிறார்களே? அந்த ‘ஓ’தான் அவனுக்குக் கூலி. தனக்குத்தானே முணுமுணுக்கும் வார்த்தைக்கு இந்த வழி போதும். இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சொன்னதற்கு உதவாது. நாம் சும்மா இருந்தால் திட்டு வாங்கிய பிள்ளை அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொள்ளும்.

பெற்றோரை வரவழைப்பது

ஒருமுறை இப்படி ஒரு அப்பாவை வரச் சொன்னேன். கட்டட வேலைக்குப் போகிறவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் முதுகில் ஒன்று விழுந்தது. “ஏண்டா … மவனே, ஸ்கூல்ல கெட்ட வார்த்தையா பேசுற?” புள்ளி வைத்த இடத்தில் அவர் சொன்ன வார்த்தைக்காகத்தான் அவரையே கூப்பிட்டிருந்தேன். பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு புகார் சொல்ல யாரையும் அழைப்பதில்லை. மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போக வரும் பாட்டியிடமோ அம்மாவிடமோ, “ரெண்டு வாரமா ரொம்பக் கோவப்படுறான், வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?” என்று கேட்பேன். அதில் வரும் தகவல் உபயோகமானது. அப்பா ஊருக்குப் போய்விட்டார், புதுத் தம்பி பிறந்திருக்கிறான், அண்ணன் செல்போனில் ஏதோ விளையாட்டு வீடியோ, இப்படி.

ஸ்டார், அணி மதிப்பெண்

1969-இல் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்கு ஒரு குறி போட்டார்கள். குறி குறைவாக இருந்தால் இரண்டு அணியும் ஜெயிக்கலாம் என்பது அதில் நல்ல அம்சம். சலசலப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் இரண்டு பிள்ளைகள் ஒத்துவராமல் போக, அவர்களை அணியிலிருந்து பிரிக்க வேண்டியதாயிற்று. நம் வகுப்பிலும் அதே கதை: கையில் ஸ்டார் ஒட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் பிள்ளைகள். வகுப்பு முழுக்கச் சத்தம் என்றால் இதை எடுப்பேன். ஒரு பிள்ளையின் வாய் என்றால் எடுக்க மாட்டேன், மொத்த அணியும் அவன்மேல் பாய்ந்துவிடும்.

தனியே உட்கார்ந்து பேசுவது

நான் வந்து நின்றிருப்பது இதில். இதன் பெரிய குறை நேரம். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில், ஒரு பையனோடு ஐந்து நிமிடம் என்பது ஆடம்பரம். எங்கே கிடைக்கிறதென்றால், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் கிடைக்கிறது.

பென்சில் பையனிடம் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

“அதுக்கு என்ன அர்த்தம்பா?”

“தெரியாது டீச்சர்.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

“கோவம் வந்தா அதத்தானே சொல்வாங்க?”

இந்த ஒரு பதிலுக்காகவே மற்ற வழிகளைவிட இதைச் சிறந்தது என்பேன். அவனுக்கு அது வசவே இல்லை, கோபத்தின் பெயர். பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் வைக்க வேறொன்று வேண்டும். அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று அவனையே கேட்டேன். நெடுநேரம் யோசித்து ‘பூசணிக்காய்’ என்றான். சரி என்றேன். யாரையாவது திட்டியிருந்தால் அவர்களுக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு: பென்சில் சீவித் தரலாம், தட்டு கழுவித் தரலாம். வாயளவில் ‘சாரி’ சொல்ல வைப்பதை நான் விட்டுவிட்டேன். நம் பிள்ளைகள் அதை ‘பிரசன்ட் டீச்சர்’ மாதிரி சொல்லிவிடுகிறார்கள்.

ஒரே நாளில் நிற்கவில்லை. மறுவாரமே இரண்டு தடவை பழைய வார்த்தை வந்தது. பத்து நாள் போயிருக்கும், அதே சிறுமி மறுபடி எழுந்தாள்.

“டீச்சர், இவன் பூசணிக்காயக் கெட்ட வார்த்தை மாதிரியே சொல்றான்.”