டிக் டிக் சத்தத்துக்குப் பிறகு: ஒன்பது வருடப் பேக்கப் அனுபவம்

ஹார்ட் டிஸ்க் சாகப் போகும்போது ஒரு சத்தம் போடும். டிக், டிக், கொஞ்ச நேரம் மௌனம், மறுபடி டிக். உள்ளே இருக்கும் படிக்கும் முனை தட்டில் தன் இடத்தைத் தேடி, கிடைக்காமல் திரும்பி வந்து மீண்டும் தேடுகிற சத்தம் அது. என் முதல் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி நான்காவது வருடத்தில் ஒரு ராத்திரி அப்படிச் சத்தம் போட்டது. அதில் பதினொரு வருடப் போட்டோக்கள் இருந்தன. வேறு எங்கும் இல்லை. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் அந்த டிஸ்கில் ஏற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை நானே அழித்திருந்தேன். டிஸ்கின் மேல் ‘பேக்கப்’ என்று எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன். அது பேக்கப்பே அல்ல, வெறும் இடமாற்றம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் வந்த டிஸ்கைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, பத்துப் பதினைந்து முறை முயற்சி செய்தேன். செய்யவே கூடாது. தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய முனை பழுதாகியிருந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டைக் கீறிவிடக்கூடும். சத்தம் கேட்டால் கழற்றி வைத்துவிட்டு, தரவு மீட்பு செய்பவர்களிடம் கொடுக்க வேண்டியதுதான். கொடுத்தேன். முக்கால் பங்கு திரும்பி வந்தது. ஆனால் ஃபோல்டர்கள் இல்லை, பெயர்கள் இல்லை. நாற்பதாயிரத்துச் சொச்சம் படங்கள், வெறும் எண்களோடு. கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த தேதியும் பதிவாகியிருக்கும் என்பதால், அதைப் படிக்கிற ஒரு மென்பொருளை வைத்து வருடம், மாதம் என்று பிரித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு அந்த வழியும் இல்லை. அனுப்பும்போதே அந்தத் தகவலை அது நீக்கிவிடுகிறது.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிப்பது), ஒரு கிளவுட் கணக்கு என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதுகிற விமர்சனங்களில் வேகம் மட்டும்தான் இருக்கும். நான்கைந்து வருடம் கழித்து எது எப்படி இருக்கிறது என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

இவ்வளவு பட்ட பிறகும் என் முதல் ஓட்டு ஹார்ட் டிஸ்குக்குத்தான். பழைய சரக்கு, மெதுவானது, கீழே விழுந்தால் போச்சு. எல்லாம் உண்மை. ஆனால் ஒரே செலவில் அதிக இடம் இதில்தான் கிடைக்கிறது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் எழுதியது அப்படியே இருக்கிறது. முக்கியமாக, சாவதற்கு முன் பல சமயம் முன்னறிவிப்பு கொடுக்கிறது, நாம் கேட்டால். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் உடல்நிலை தெரியும். பெரிய பட்டியலாக வரும், பயப்பட வேண்டாம். நான் பார்ப்பது இரண்டே வரிகள்: 05 என்று எண் போட்டது, சி5 என்று போட்டது. முதலாவது, கெட்டுப்போனதால் ஒதுக்கி மாற்றப்பட்ட இடங்களின் கணக்கு. இரண்டாவது, படிக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் இடங்களின் கணக்கு. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். என் இரண்டாவது டிஸ்கில் சி5 ஒரு நாள் எட்டு என்று காட்டியது. அன்றைக்கே எல்லாவற்றையும் புதிய டிஸ்குக்கு மாற்றினேன். இரண்டு மாதத்தில் பழையது கண்ணை மூடியது. இந்த முறை நான் பதறவில்லை.

வேறு சில விஷயங்களும் உண்டு. 1 டெராபைட் டிஸ்க் வாங்கி மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. மேக்கில் மாட்டினால் அதே டிஸ்க் முழு 1 டெராபைட் காட்டும். அப்புறம், டிஸ்க் திடீரென்று காணாமல் போய் மீண்டும் வந்தால் உடனே டிஸ்கைத் திட்டாதீர்கள், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்த டிஸ்குகளில் வருகிற அந்த அகலமான, தட்டையான முனை சீக்கிரம் லூஸாகிவிடும். எனக்கு இரண்டு முறை கேபிள்தான் குற்றவாளி. போர்ட்டையும் கவனிக்க வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி போல வரும். 500 ஜிபி ஏற்ற நான்கு மணி நேரம். யுஎஸ்பி 3.0 போர்ட்டில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் ஒன்றேகால் மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இரண்டிலும் கூடுதல் நேரம்தான்.

இப்போது இருக்கும் பெரிய டிஸ்க் ஆரம்பத்தில் என்னைக் குழப்பியது. முதல் இருபது முப்பது ஜிபி நன்றாகப் போகும், அதன்பின் ஆமை வேகம். பழுது என்றே நினைத்தேன். விசாரித்ததில் எஸ்எம்ஆர் என்ற முறை என்று தெரிந்தது. ஓட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி நிற்பதுபோல, தரவின் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் ஏறி நிற்பவற்றையும் எடுத்து அடுக்க வேண்டுமே, அந்த வேலைதான் தாமதம். கையடக்கமான டிஸ்குகளில் பல இப்படித்தான் வருகின்றன. எழுதி வைத்துவிட்டு எப்போதாவது படிக்கிற பேக்கப்புக்கு இது போதும். நேரடியாக அதிலேயே வீடியோ எடிட் செய்ய நினைத்தால் வெறுத்துப் போவீர்கள்.

எஸ்எஸ்டி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வேலைக்கு இதைப் போல் ஒன்று இல்லை. சத்தம் கிடையாது, சூடும் அதிகமில்லை, இரண்டு முறை மேஜையிலிருந்து விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை, சுழலும் பாகமே இல்லையே. வாங்கிய புதிதில் மட்டும் ஒரு கூத்து. நொடிக்கு ஆயிரம் எம்பி என்று போட்டிருந்த இடத்தில் எனக்கு நாற்பதுதான் வந்தது. கடைசியில் பார்த்தால், சோம்பேறித்தனத்தில் போனோடு வந்த டைப்-சி கேபிளை மாட்டியிருக்கிறேன். போன் சார்ஜர் கேபிள்கள் பல, முனை புதியதாக இருந்தாலும் உள்ளே யுஎஸ்பி 2.0 வேகம்தான். எஸ்எஸ்டியோடு வந்த கேபிளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் தொடக்கூடாது.

ஆனால் அலமாரியில் போட்டு மறந்துவிடுகிற பேக்கப்புக்கு எஸ்எஸ்டியை நான் நம்புவதில்லை. அதற்குள் தரவு மின்னேற்றமாக இருக்கிறது. மின்சாரமே இல்லாமல் நீண்ட நாள் கிடந்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பின் அளவுகோல், தன் எழுதும் ஆயுளை முடித்துவிட்ட வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்கிறது. புதியது இன்னும் நீண்ட காலம் நிற்கும், வெப்பம் கூடினால் காலம் குறையும். என்னுடையதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட விடுகிறேன். இன்னொன்று, இது சாகும்போது பெரும்பாலும் டிக் டிக்கெல்லாம் போடாது. நேற்று இருக்கும், இன்று இருக்காது. லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டியிலிருந்து அழித்ததை மீட்பதும் கிட்டத்தட்ட நடக்காத காரியம். காலியான இடத்தை அது தானே துடைத்து வைத்துவிடுகிறது.

பென் டிரைவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போகத்தான் அது. பெரிய வீடியோ ஏறவில்லை என்றால் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் சரியாகிவிடும் (மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்). நம்ப முடியாத அளவுக்கு மலிவாக வந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை வைத்து முழுக்க எழுதிச் சோதியுங்கள். 32 ஜிபியை 512 என்று காட்டி விற்கும் போலிகள் உண்டு.

கிளவுடில்தான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். போனில் இடம் இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. படங்கள்தான் மேலே பத்திரமாக இருக்கின்றனவே என்று கேலரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டதைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தேன். ஏதோ கேட்டது, சரி என்று அழுத்தினேன். அது ‘இரண்டு இடத்திலும் அழிக்கவா’ என்று கேட்டிருக்கிறது. ஐம்பதாவது நாளோ என்னவோ, தற்செயலாக ஒரு படத்தைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் வைத்திருந்த கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில் 60 நாள் வைத்திருப்பார்கள், அதனால் பிழைத்தேன். ஐகிளவுட் போட்டோஸாக இருந்திருந்தால் 30 நாள்தான், கதை முடிந்திருக்கும்.

அதாவது, சிங்க் என்பது வேறு, பேக்கப் என்பது வேறு. சிங்க் இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும், நம் தவறையும் சேர்த்து. டிஸ்குக்குக் காப்பி செய்யும் மென்பொருள்களிலும் இதே பொறி உண்டு. ஃப்ரீஃபைல்சிங்கில் ‘மிரர்’ என்று தேர்ந்தெடுத்தால், லேப்டாப்பில் அழித்தது டிஸ்கிலும் போய்விடும். நான் ‘அப்டேட்’ என்பதில் வைத்திருக்கிறேன், அது சேர்க்கும், அழிக்காது. விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கின் டைம் மெஷின் இரண்டும் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். அவற்றில் எதையாவது இயக்கிவிடுவது இன்னும் நல்லது.

கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் எல்லாம் ஒரே நாளில் திருட்டுப் போனாலோ எரிந்தாலோ மிஞ்சப்போவது அதுதான். ஆனால் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கூகுளில் இலவசம் 15 ஜிபி, ஆப்பிளில் 5 ஜிபி. கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அழித்துவிடலாம் என்ற விதியும் இருக்கிறது. இன்டர்நெட் விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் இறக்கும் வேகம், ஏற்றும் வேகம் பல இணைப்புகளில் அதைவிடக் குறைவு. 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட், அதாவது 1.25 எம்பி) வேகத்தில் 500 ஜிபியை ஏற்ற இடைவிடாமல் நாலரை நாளுக்கு மேல் ஆகும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, ராத்திரி மட்டும் ஓட விட்டதால்.

இத்தனைக்கும் பிறகு நான் மாற்றிக்கொண்டது, வருடத்துக்கு இரண்டு முறை பேக்கப்பைத் திறந்து பார்ப்பது. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, கண்ணில் பட்ட நாலைந்து ஃபோல்டர்களிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் ஓட்டிப் பார்ப்பேன். முதல் முறை பார்த்தபோதே மூன்று ஓட்டைகள். பாதியில் கேபிள் கழன்றதால் ஒரு வீடியோ நடுவில் நின்றது. டெஸ்க்டாப்பில் கிடந்தவை எதுவும் காப்பியே ஆகவில்லை, அந்த ஃபோல்டரை நான் சேர்க்கவே இல்லை. மூன்றாவதுதான் மானக்கேடு. டிஸ்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தேன். பாஸ்வேர்டு மறந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அந்த எண்ணை எழுதிய ஃபைல் அதே டிஸ்குக்குள் இருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. நல்லவேளை, பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தது. இப்போது அந்த எண் தாளில் எழுதப்பட்டு, முக்கியமான பத்திரங்களோடு இருக்கிறது.

இப்போதைய ஏற்பாடு இதுதான். நடப்பு வேலை எஸ்எஸ்டியில். மாதம் ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி, முடிந்ததும் கழற்றி உள்ளே. சும்மா மாட்டியே வைத்திருந்தால், கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழையும் நாளில் டிஸ்கும் சேர்ந்து பூட்டப்படும். இன்னொரு ஹார்ட் டிஸ்க் அக்கா வீட்டில் இருக்கிறது, போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்வோம். அவருடைய படங்களும் அதில் ஒரு ஃபோல்டரில் உண்டு. போன் படங்கள் மட்டும் கிளவுடில். அந்த எண் போட்ட வாட்ஸ்அப் படங்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இன்னும் ‘பிரிக்க வேண்டியவை’ என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன, மூன்று இடத்திலும் பத்திரமாக.