வேர்க்குழாயைக் கழுவும் மருந்துகள்: எதை நம்பலாம்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பல் கிளினிக்குகளில் ‘ரூட் கெனால்’ எனும் வேர்க்குழாய் சிகிச்சை செய்துகொள்ள வருவோர் வலிக்குமா, எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்கிறார்களே தவிர, குழாயை எந்த மருந்தால் கழுவுவார்கள் என்று கேட்பதில்லை. குழாயைச் சுரண்டும் ஊசி போன்ற கருவியான ஃபைல் எவ்வளவு நுட்பமாகச் சுழன்றாலும் குழாய்ச் சுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ அதற்கும் மேலோ தொடாமல் விட்டுவிடுவதால், அங்கே படலமாக ஒட்டியிருக்கும் கிருமிகளைத் திரவம்தான் அணுக வேண்டியிருக்கிறது.

அதற்கு முதன்மையானது சோடியம் ஹைப்போகுளோரைட். 0.5 முதல் 6 விழுக்காடு வரையான செறிவில் பயன்படும் இது கிருமியைக் கொல்வதோடு பல்லுக்குள் இருக்கும் மென்திசுவான பற்கூழ் அழுகியிருந்தால் அதையும் கரைக்கிறது. இந்த இரண்டாம் வேலையைச் செய்யும் போட்டியாளர் எதுவும் இல்லை. ஆனால் வேர் நுனியைத் தாண்டிக் கசிந்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும் என்பதால், பக்கவாட்டில் துளையுள்ள ஊசியைக் குழாயில் இறுக விடாமல், மெல்ல அசைத்தபடியே செலுத்துவார்கள்.

2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் திசுக்களை அவ்வளவாக உறுத்தாது. குழாய்ச் சுவராக அமைந்த, நுண்துளைகள் நிறைந்த டென்டினில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் வேலையும் செய்யும். எனினும் அது திசுவைக் கரைப்பதில்லை, கிருமிப் படலத்தையும் கலைப்பதில்லை. ஆகவே ஹைப்போகுளோரைட் ஒவ்வாதவர்களுக்கு மட்டுமே அதை மாற்றாகக் கொள்வேன். இரண்டும் குழாய்க்குள் கலந்தால் செம்பழுப்பு நிறத்தில் படிவு உண்டாகி நுண்துளைகளை அடைத்துவிடும். இடையில் உப்பு நீரால் அலசாத அவசரக்காரர்களிடம் இது நடக்கிறது.

இரு அமர்வுகளுக்கு இடையே வைக்கப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தன்மை பிஹெச் 12.5 அளவில் இருப்பதால் பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன. சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி தென்படும் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் மட்டும், உயிரணுவுக்குள் புரோட்டான்களை இழுத்துக்கொண்டு உள்ளிருக்கும் காரத்தைச் சமன் செய்து தப்பிக்கிறது. டென்டினும் காரத்தைத் தணித்துவிடுவதால், நுண்துளைகளின் ஆழத்தில் மருந்தின் வீரியம் இன்னும் குறைகிறது. உணவின்றியும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும் அந்தக் கிருமிக்கு அதுவே போதும்.

என் தெரிவு, ஹைப்போகுளோரைட்டால் தாராளமாகக் கழுவி, கால்சியத்தைப் பிணைத்து அகற்றும் ஈடிடிஏ கரைசலால் (17 விழுக்காடு), ஃபைல் சுரண்டியதில் சுவரில் படிந்த பூச்சை அகற்றி, மீயொலி அதிர்வுடன் மறுபடியும் ஹைப்போகுளோரைட்டைச் செலுத்துவதுதான். சீழ் ஊறிக்கொண்டே இருக்கும் குழாய்க்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து இரண்டாம் அமர்வுக்கு வரச் சொல்வது தகும். குழாய் உலர்ந்துவிட்டிருந்து, சொன்ன வாரத்தில் திரும்பி வர இயலாதவராகவும் இருந்தால், தற்காலிக அடைப்பு கசிந்து எச்சில் இறங்க இடம் கொடுப்பதைவிட ஒரே அமர்வில் நிரப்பி முடிப்பதே மேல்.