நாலு வருஷமா ஈ-ரீடர்ல ஜட்ஜ்மென்ட் படிக்கிறேன்: பக்கத்துல விரல் வெச்சுக்க முடியல

போன வாரம்தான் என் ரீடருக்கு பேட்டரி மாத்தினேன். அதப் பாத்துட்டு ஜூனியர் பொண்ணு ஒருத்தி "அக்கா, மூட் கோர்ட் வருது, நானும் ஒண்ணு வாங்கட்டா?"ன்னு கேட்டா. மூட் கோர்ட்னா சட்ட மாணவங்க வாதாடிப் பழகுற மாதிரி கோர்ட். ரெண்டு வரில பதில் சொல்ல வரல, அதான் எழுதுறேன். 10.3 இன்ச், பேனா வெச்ச ஈ-இங்க் மாடல். நாலு வருஷமா கேஸ் படிக்க மட்டும்தான் யூஸ் பண்றேன்.

கண்ணு விஷயத்துல குறையே சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சாலும் எரியல. மார்ஜின்ல பேனாவால கிறுக்குறதும் அவ்ளோ சுகமா இருக்கு, ஒப்பிட்டர் (ஜட்ஜ் போற போக்குல சொன்னது) எதுன்னு கோடு போட்டுத் தள்ளிட்டு ரேஷியோவ (தீர்ப்புக்கு அடிப்படையான காரணத்த) மட்டும் பிடிக்கிற பழக்கம் எனக்கு இதுலதான் வந்துச்சு.

ஆனா ஒரு விஷயம் நாலு வருஷமா என்ன வதைக்குது. படிச்சுட்டு இருந்த பக்கத்துக்கே திரும்பி வர்றது.

டொனாஹ்யூ வெர்சஸ் ஸ்டீவன்சன், 1932, அஜாக்கிரதையால அடுத்தவங்களுக்கு ஆபத்து வராமப் பாத்துக்கிற கடமை யாருக்கு இருக்குன்னு கேக்குற, சட்டம் படிக்கிற எல்லாரும் படிக்கிற இங்கிலாந்து கேஸ்தான். அஞ்சு லார்டுங்க (அங்க உச்ச நீதிமன்ற ஜட்ஜுங்க மாதிரி), மூணுக்கு ரெண்டுன்னு பிரிஞ்ச தீர்ப்பு. முதல்ல வர்ற லார்ட் பக்மாஸ்டர், ஹெவன் வெர்சஸ் பெண்டர்ங்கிற பழைய கேஸ்ல (1883) பிரெட்ங்கிற ஜட்ஜ் அந்தக் கடமை பத்திச் சொன்னத எல்லாம் நல்லா ஆழமா புதைச்சிடணும்ங்கிறார், அடுத்து வர்ற லார்ட் அட்கின் அதே வாசகத்த எடுத்து, இவ்ளோ விரிவா வேணாம்னு ஒரு எல்லை போட்டு, அந்த எல்லைக்கு 1893 லு லீவர் வெர்சஸ் கூல்ட் கேஸக் காட்டி, அது மேலதான் தன் கொள்கையவே கட்டுறார். இது புரியணும்னா பக்மாஸ்டர் ஒரு பக்கம், அட்கின் ஒரு பக்கம், நடுவுல 1883 தீர்ப்புன்னு மூணு இடத்துல ஒரே நேரத்துல இருக்கணும். பேப்பர்ல மூணு விரல வெச்சுக்கிட்டுப் புரட்டுவோம். என் ரீடர்ல பழைய தீர்ப்பத் திறந்துட்டு பேக் அமுக்கினா நேரா லைப்ரரிக்குக் கொண்டு போய் விடுது, மறுபடி ஃபைலத் தேடி, பக்கத்தத் தேடி, அதுக்குள்ள ரெண்டு பேரும் எதுல முட்டிக்கிட்டாங்கன்னே மறந்து போகுது. புக்மார்க் இருக்கு, ஆனா அது நாளைக்கு வந்து பாக்கத்தான், அரை நிமிஷத்துல திரும்பி வர இல்ல.

ஈ-இங்க் வேகமாப் புரட்டாது, அத நான் ஒத்துக்கிறேன். கறுப்பு வெள்ளைத் துகள்கள் நகர்ந்துதான் எழுத்து தெரியணும், பக்கம் மாறுறப்ப மட்டும் கரண்ட் எடுக்குறதாலதான் பேட்டரியும் இவ்ளோ நாள் தாங்குது. ஆனா நான் எங்க இருந்து கிளம்பினேன்னு ஞாபகம் வெச்சுக்க திரை வேகம் எதுக்கு? அது சாஃப்ட்வேர் வேலை. 1990களோட கடைசியிலேயே பாலோ ஆல்டோ லேப் ஒண்ணுல எக்ஸ்லிப்ரிஸ்னு பேனா வெச்ச ரீடர் செஞ்சாங்க. நீ கோடு போட்ட துண்டெல்லாம் ஒரே இடத்துல சேரும், தொட்டா அந்தப் பக்கத்துக்கே போகும். மூட் கோர்ட்டுக்குத் தயாராகிற சட்ட மாணவங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு கவனிச்சு அத மேல மேல திருத்தவும் செஞ்சாங்க. அவ்ளோ முன்னாடியே யோசிச்சத என் கையில இருக்கிற மெஷின் செஞ்ச கம்பெனி ஏன் யோசிக்கல? நாவல் படிக்கிறவங்கள மட்டும் மனசுல வெச்சு செஞ்சிருக்காங்க, நாவல்ல யாரும் பின்னாடி ஓட மாட்டாங்க, எங்களுக்கு அதுதான் வேலையே.

இன்னொண்ணு, எழுத்தப் பெருசாக்க ரீஃப்ளோ (திரைக்கு ஏத்த மாதிரி வரிகள மறுபடி அடுக்குறது) போட்டா பக்க எண் போயிடும். இங்கிலாந்துல 2001ல இருந்து தீர்ப்புக்கு பாரா நம்பர் வந்துடுச்சு, அதனால புதுசுல தப்பிச்சுக்கலாம். 1932 தீர்ப்ப சைட் பண்ண (மேற்கோள் காட்ட) பக்க எண்தான் வேணும், அதனால அச்சான பக்கத்தோட பிடிஎஃப்லயே படி.

இவ்ளோ திட்டிட்டு பேட்டரி ஏன் மாத்துனேன்னு கேப்ப. ஒரே நீளத் தீர்ப்ப உக்காந்து முழுசாப் படிக்க இத விட்டா எனக்கு வேற எதுவும் ஒத்து வரல. ஆனா மூட் கோர்ட்டுக்குன்னு வாங்காதம்மா. நான் சொன்ன மூணு கேஸும் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன், வந்து வாங்கிட்டுப் போ.