நேரடி விடுதலையா, இடைநிலை இல்லமா?

சிறைத் தண்டனையை முழுக்க உள்ளே கழித்துவிட்டு ஒரே நாளில் வெளியே வருவது ஒரு வழி. கடைசி மாதங்களில் பகலில் வேலைக்குப் போய், இரவில் இடைநிலை இல்லத்துக்கு, அதாவது சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே கண்காணிப்போடு தங்கும் விடுதிக்குத் திரும்புவது இன்னொரு வழி.

நேரடி விடுதலையில் சிக்கல் முதல் வாரமே தொடங்கும். அடையாள அட்டை காலாவதியாகியிருக்கும். அது இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைக்காது, கணக்கு இல்லாமல் சம்பளம் வராது. மனநல மாத்திரை தீர்ந்த பிறகுதான் மருத்துவரைத் தேடுவார்கள். ஹெராயின் பழக்கம் இருந்தவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. சிறையில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். விடுதலையான முதல் 2 வாரங்கள்தான் மிக ஆபத்தானவை.

இடைநிலை இல்லத்தில் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய அவகாசம் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை வாடகை முன்பணத்துக்குச் சேர்க்கலாம். ஆனால் பேருந்து தாமதமானதற்கெல்லாம் திரும்பச் சிறைக்கு அனுப்பும் இல்லத்தால் பயனில்லை. வேலை பறிபோவதுதான் மிச்சம்.

எல்லோரையும் அங்கே அனுப்புவதும் தவறு. மீண்டும் குற்றம் செய்யும் அபாயத்தைப் பொறுத்தே தலையீட்டின் தீவிரம் இருக்க வேண்டும் என்று உளவியலாளர்கள் ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோக் மூவரும் 1990-இலேயே வலியுறுத்தினார்கள். குடும்பமும் வேலையும் காத்திருக்கும் குறைந்த அபாயமுள்ளவரை அங்கே வைத்தால் கெட்ட சகவாசம்தான் சேரும். அவரை நேரே வீட்டுக்கு அனுப்புங்கள். ஆனால் 3 மாதம் முன்பே அட்டைக்கு விண்ணப்பித்து, 30 நாள் மருந்தும் மருத்துவரைப் பார்க்கும் தேதியும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.