ரிச்சி தெருவில் வைஃபை அடாப்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெட்டியில் "1300 எம்பிபிஎஸ், டூயல் பேண்ட், யூஎஸ்பி 3.0" என்று அச்சடித்துவிட்டு, உள்ளே 150 எம்பிபிஎஸ் தாண்ட முடியாத பழைய சிப்பை வைத்து விற்கிறார்கள். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்காகச் சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் அப்படி ஒரு டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் அடாப்டர்) 1,100 ரூபாய்க்கு வாங்கினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பதிலுக்கு எடுத்து நீட்டிய பொருள் அதைவிட மோசம். இதே வாசகங்களோடு பெயர் தெரியாத பெட்டிகள் ஆன்லைனிலும் நிறைய வருவதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அக்கா மகளின் கம்ப்யூட்டர் ஏஎம்டி ரைசன், பி450 மதர்போர்டு. வைஃபை கிடையாது. ரவுட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் உள்ளறையில். வாடகை வீடு என்பதால் சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்க வழியில்லை. நாங்கள் கடையில் கேட்டது உள்ளே பொருத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. கடைக்காரர் அதை எடுக்கவே இல்லை. "அண்ணா, கார்டுன்னா கேபினெட்டைக் கழட்டணும், டிரைவர் போடணும், தலைவலி. இதைச் செருகுனா முடிஞ்சுது, ரெண்டு ஆன்டெனா இருக்கு பாருங்க" என்று டாங்கிளை அக்கா கையில் கொடுத்தார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் கையால் தொகையை எழுதினார். கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்தது.

வீட்டில் செருகியதும் நெட் வந்தது. ஆனால் வேகம் 40 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. அக்கா வீட்டு இணைப்பு 200 எம்பிபிஎஸ். அதே மேஜையில் வைத்துப் பார்த்த போனில் 180 வந்தது. ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் போனில் தெரிகிறது, கம்ப்யூட்டரில் பட்டியலிலேயே இல்லை. டூயல் பேண்ட், அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஓடும் என்று விற்ற பொருளுக்கு இரண்டாவது பேண்டே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் "802.11என் யூஎஸ்பி வயர்லெஸ் லேன் கார்டு" என்று இருந்தது. அதன் பிராப்பர்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தேன்: விஐடி (தயாரிப்பாளர் எண்) 148எஃப், பிஐடி (பொருள் எண்) 7601. அது எம்டி7601 என்ற சிப். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், அதிகபட்ச இணைப்பு வேகம் 150. அந்தச் சிப்புக்குத் தேவை ஒரே ஒரு ஆன்டெனா. இரண்டாவது ஆன்டெனா அக்காவைப் போன்றவர்களை நம்ப வைப்பதற்காக மட்டுமே அங்கே நிற்கிறது. நீல நிற பிளக்கும் அப்படித்தான். உண்மையான யூஎஸ்பி 3.0 பிளக்கின் வாயைப் பார்த்தால் முன்னால் நான்கு தகடுகள், அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து சின்னத் தகடுகள் இருக்கும். இதில் நான்கு மட்டும்தான். யூஎஸ்பி 2.0 என்றால் அந்த வழியின் உச்ச வேகமே 480 எம்பிபிஎஸ். அதன் வழியாக 1300 எப்படிப் போகும்?

நல்ல கம்பெனிப் பெட்டியில் போட்டிருக்கும் 1300 கூட இரண்டு பேண்டின் வேகத்தையும் கூட்டிய கணக்கு (400 + 867 = 1267, அதை முழுமையாக்கி 1300). ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணைய முடியும். இதையும் எந்தக் கடையிலும் சொல்வதில்லை.

மறுபடி கடைக்குப் போனோம். பணம் தர முடியாது, வேண்டுமானால் நீங்கள் முதலில் கேட்ட கார்டையே தருகிறேன், மேலே 600 ரூபாய் கொடுங்கள் என்றார். அவர் எடுத்தது இன்டெல் ஏஎக்ஸ்201, ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் பலகையில் மாட்டியிருந்தது. இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் சிஎன்விஐ வகை. வைஃபை வேலையில் ஒரு பாதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே நடப்பதால், அதற்கென்று அமைத்த இன்டெல் போர்டின் எம்.2 சாக்கெட்டில் மட்டும்தான் அவை இயங்கும். ஏஎம்டி போர்டில் ஓடாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் பலகையில் மாட்டினால் எந்தப் போர்டிலும் ஓடாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்றால் ஓடும். கடைசி எண்ணில்தான் வித்தியாசம். ஏஎம்டி போர்டு என்று முதல் நாளே சொல்லியும் இதை நீட்டினார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நான் வாங்க மறுத்துவிட்டேன்.

அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், திரும்பப் பெறுவதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. பெட்டி, துண்டுச் சீட்டு, யூபிஐ ரசீது, டிவைஸ் மேனேஜர் படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். கடையிலிருந்தே கூப்பிட்டு 1,100 ரூபாயைக் கொடுத்துவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

டாங்கிளே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேபினெட்டைத் திறக்க முடியாதவர்களுக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கு மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கும் அதுதான் வசதி. ஆனால் கடையிலேயே ஒரு லேப்டாப்பில் செருகச் சொல்லுங்கள். அந்த லேப்டாப்பின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் போட்டு, பெயர் தெரிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். வீட்டில் கேபினெட்டின் பின்பக்கம் நேரடியாகச் செருகாமல் எக்ஸ்டென்ஷன் ஒயரில் வெளியே எடுத்து வையுங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். இன்டெலே 2012-இல் இதை எழுதி வெளியிட்டிருக்கிறது.

இப்போது அக்கா வீட்டில் ஏஎக்ஸ்200 கார்டு ஓடுகிறது, வேறு கடையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியது. ஆன்டெனா ஒயரோடு வரும் வகை என்பதால் மேஜை மேல் வைத்திருக்கிறோம். கார்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக ஓடினாலும், புளூடூத்துக்கு மதர்போர்டின் யூஎஸ்பி பின்களுக்குத் தனியாக ஒரு ஒயர் போக வேண்டும். அந்த ஒயர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.