ஓடுகிற பல் கிளினிக்கை வாங்குவதா, புதிதாகத் திறப்பதா?

கும்பகோணத்தில் பல வருடங்களாக நடந்துவந்த ஒரு பல் கிளினிக்கை, ஓய்வுபெற நினைத்த மூத்த மருத்துவரிடமிருந்து வாங்கி நடத்திக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் புதிதாகத் திறக்கவும் கணக்குப் போட்டு, இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். விற்பவர் நம்பத்தக்கவராக இருந்தால் வாங்குவதுதான் மேல் என்பது என் கருத்து.

புதிதாகத் திறப்பதன் சாதகங்கள் தெரிந்தவைதான். புது சேர், வாரண்டி, பிடித்த இடம், யாரோ செய்த பழைய வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாதகமும் தெரிந்ததே: வாடகையும் வங்கித் தவணையும் முதல் மாதமே ஓடத் தொடங்கிவிடும், பேஷண்ட் வர நாளாகும். வலி தாங்காமல் ஓடி வருபவர் மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். வேர் சிகிச்சைக்கு நாலு தடவை வந்து வாயைத் திறக்க, அவருக்கு மருத்துவர்மேல் நம்பிக்கை வேண்டும்.

உரிமங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மருத்துவ நிறுவனப் பதிவு, மருத்துவக் கழிவுக்கான மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரே கருவிக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு எல்லாவற்றையும் எப்படியும் உங்கள் பெயருக்குக் கொண்டுவர வேண்டும். ‘லைசென்ஸ் எல்லாம் பக்கா சார்’ என்பதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். கருவிகளை ஒரு மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தால் போதும். கம்ப்ரஸர் தொட்டியின் அடி வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். துருத் தண்ணீர் கொட்டினால் மற்றக் கருவிகளின் பராமரிப்பையும் சந்தேகப்படலாம்.

நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பேஷண்டுகளின் நம்பிக்கைக்கான விலை. அது நிஜமா, உங்கள் கைக்கு வருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விற்பவர் முதலில் வருமான வரிக் கணக்கைக் காட்டுவார். அவர் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 44ஏடிஏ பிரிவில் தாக்கல் செய்திருந்தால் அதிலுள்ள லாபத்தை நம்பி விலை பேசாதீர்கள். அந்தப் பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்கு வைக்கக்கூடத் தேவையில்லை. உண்மையில் செலவு கூடுதலா குறைவா என்பது அதில் தெரியாது.

நான் அதைவிட நம்பியது லேப் பில்களை. கேப், பிரிட்ஜ், பல்செட் எல்லாம் பெரும்பாலும் வெளி லேபிலிருந்து வருபவை. கிளினிக் நோட்டில் என்ன எழுதியிருந்தாலும், லேப்காரர் மாதாமாதம் அனுப்பிய பில் உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடும். அப்புறம் பெயர்களை மறைத்து ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். பேஷண்டின் அந்தரங்கம் விற்பனைக்குரியதல்ல. ஒரே ஓ.பி. எண் திரும்பத் திரும்ப வருகிறதா? தாத்தாவுக்குப் பல்செட், மகளுக்குக் கேப், பேத்திக்குக் கிளிப் என்று குடும்பமாக வருகிறார்களா? அப்படிப்பட்ட பக்கங்கள்தான் விலை பெறும். கிளிப் போட்டவர்களில் முழுப் பணமும் கட்டி, சிகிச்சை பாதியில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணிவிடுங்கள். பணம் அவரிடம் போயிருக்கும், மீதி வேலை உங்கள் தலையில் விழும். அதை விலையில் கழிக்க வேண்டும்.

அடுத்தது, விற்றவர் பக்கத்துத் தெருவில் மறுபடி போர்டு மாட்டாமல் இருப்பது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் குட்வில்லை, அதாவது நான் மேலே சொன்ன அந்த நம்பிக்கையின் மதிப்பை, விற்றவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அந்த எல்லை நியாயமானதாக இருக்கும்வரை அது செல்லும்.

இங்கேதான் வரி குறுக்கே வருகிறது. 2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு குட்வில்லுக்குத் தேய்மானக் கழிவு (வருடாவருடம் மதிப்பில் ஒரு பங்கை வருமானத்தில் கழித்துக்கொள்வது) கிடையாது, கருவிகளுக்கு உண்டு. அதனால் முழுத் தொகையையும் கருவி விலையாகவே எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பொய்க் கணக்கு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பத்திரத்தில் குட்வில் இல்லையென்றால் நாளைக்கு அவரைத் தடுக்க உங்களிடம் பிடி எதுவும் இருக்காது. குட்வில்லுக்கு உண்மையான தொகையைத் தனியாக எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்பதை வக்கீலைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்; இந்த விஷயத்தில் கோர்ட் வரை போன அனுபவம் எனக்கில்லை.

பத்திரத்தைவிட எனக்கு அதிகம் உதவியது, எனக்கு விற்ற சார் சில மாதங்கள் காலை நேரத்தில் வந்து உட்கார்ந்ததுதான். பழைய பேஷண்ட் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, “இனிமே தம்பிதாம்மா பார்ப்பார், நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்பார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி வாயைத் திறப்பார். எந்த விளம்பரத்தாலும் இதைச் செய்ய முடியாது. ஆகவே விலையில் ஒரு பங்கை இந்த மாதங்கள் முடிந்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். கட்டட உரிமையாளரிடம் உங்கள் பெயரில் எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தம் கிடைக்கும்வரை முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

விற்பவர் இன்னும் நடுவயதுக்காரர், வெளியூர் போகிறேன் என்கிறார், எல்லை போட்டுக் கையெழுத்துக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார் என்றால், அந்தப் பணத்தில் புது கிளினிக்கே திறந்துவிடுங்கள்.